வால்நட்சத்திரத்துக்குள் போன கோமதிநாயகம்

சென்ற வாரம் திருநெல்வேலி பிரிட்ஜ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். ரயில் லேட். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர். மடியில் அப்பளக் கட்டு ஒன்று.

“நீங்கதான அந்தத் துப்பறியும் கதை எழுதுதவுக?”

நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். புகழ் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

“ஆமாம்.”

“நம்ம கோமதிநாயகம் எப்படி இருக்காரு? சௌக்கியமா?”

தூத்துக்குடியில் வேலை பார்க்கும் தன் ஒன்றுவிட்ட தம்பியை விசாரிப்பதுபோல அவ்வளவு உரிமையாகக் கேட்டார். சௌக்கியமாக இருக்கிறார் என்றேன். வேறு என்ன சொல்வது? “கொற்கைக்குப் பக்கத்துல கடலுக்கடியில போனப்ப சளி பிடிச்சிச்சே, தேவலையாயிட்டா?” என்றார். தேவலையாகிவிட்டது என்றேன். மனிதருக்கு நிம்மதி. ஒரு பெருமூச்சு விட்டு, ரயில் வரும் திசையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

என் துப்பறியும் கதைகளுக்கு நாயகர் அம்பலவாணர். ஒரு ஆளின் செருப்பைப் பார்த்தே அவன் எந்த ஊர் ஆற்றங்கரையில் குளித்தான் என்று சொல்லிவிடுவார். அவருடைய மூளைக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோமதிநாயகம் அவருடைய நண்பர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அம்பலவாணர் போகும் இடமெல்லாம் கூடப் போவார், கண்ணில் பட்டதை வரைவார், பசிக்கிறது என்பார், கடைசி அத்தியாயத்தில் “அடேயப்பா, எப்படிக் கண்டுபிடித்தீர்?” என்று வாய் பிளப்பார். அவ்வளவுதான் அவருக்கு வேலை. அதற்குமேல் அவரைப் பற்றி நானும் யோசித்ததில்லை.

அப்படிப்பட்டவர் எப்படி ஆகாயத்துக்குப் போனார், கடலுக்கடியில் போனார், சயன்ஸ் மாயங்களுக்கெல்லாம் நாயகர் ஆனார் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். விற்பனைக்காகச் செய்த தந்திரம் என்று சிலர் சொல்கிறார்களாம். இல்லை. வால்நட்சத்திரம் வந்ததே, அந்த வருஷம் நடந்தது இது. இவ்வளவு நாள் எழுதக் கூச்சமாக இருந்தது. என் தங்கையிடம் கேட்டேன். “எழுதுங்க, எனக்கென்ன வெக்கம்?” என்று சொல்லிவிட்டாள். எழுதுகிறேன்.

அந்தச் சித்திரை மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. விடியற்காலையில் கிழக்கே பார்த்தால் வால்! பூமி அந்த வாலுக்குள் புகுந்து வரப்போகிறது, வால் முழுக்க விஷவாயு என்று மெட்ராஸ் பேப்பரில் வந்ததாம். பேப்பரைப் பார்த்தவர் நூறில் ஒருவர் இருப்பார். பார்க்காதவர்கள்தான் விலாவாரியாகச் சொன்னார்கள். முதலில் ஆறு கொதிக்குமாம். பிறகு மாடுகள் சாகுமாம். பிறகு நாம். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

ஒரு நாள் காலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து சங்கரன் வந்து நின்றார். என் தங்கை காந்திமதியின் புருஷன். நெல் வியாபாரம். வழக்கமாக வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை.

“என்ன மாப்பிள்ளை?”

“காந்திமதி சாப்பிட மாட்டேங்கா அத்தான்.”

“மசக்கையா? இப்போ மாசம் ஏறிட்டே...”

“மசக்கை இல்ல. வால் வருதுல்லா? புள்ள எப்படியும் தங்காதுண்ணு சொல்லுதா. தங்காத புள்ளைக்கு எதுக்குச் சோறுண்ணு கேக்கா.”

என் சிரிப்பு அன்றோடு போயிற்று.

காந்திமதிக்கு முதல் குழந்தை இறந்தே பிறந்தது. அவள் வயிற்றில் அது இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. அந்த நேரத்தில் அவள் முற்றத்தில் நின்றாள் என்று யாரோ சொல்ல, யாரோ ஆமாம் போட, கடைசியில் அவளே அதை நம்பிவிட்டாள். பிள்ளையைத் தானே கொன்றதாக! மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தவள் இப்போதுதான் மறுபடி உண்டாகியிருந்தாள். அந்த நேரம் பார்த்து வானத்தில் வால்.

அடுத்த ரயிலிலேயே கிளம்பினேன்.

அம்பாசமுத்திரத்து வீட்டில் உள்ளறையில் கிடந்தாள். ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய சேலைத் துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் அந்த அறை அடுப்பாகக் கொதித்தது. வயிறு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கைகள் குச்சி.

“ஏளா, என்ன இது?”

“வாங்க அண்ணாச்சி. கதவச் சாத்திருங்க. காத்து வருது.”

நான் பேச ஆரம்பித்தேன். படித்தவன் அல்லவா? வால் என்பது வெறும் புகை, பேப்பர்க்காரர்கள் விற்பனைக்காக எழுதுகிறார்கள், மேல்நாட்டுப் பண்டிதர்கள் சிரிக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். எனக்கே தெரியாததையும் தெரிந்தமாதிரி சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் சொன்னாள்: “நீங்க அம்பலவாணர் மாதிரி பேசுதீய.”

“நல்லதுதானே?”

“எங்க நல்லது? அவரு உள்ளுக்குள்ள ஒண்ண வெச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு சொல்லுவாரு. எல்லாத்தையும் கடைசியிலதான சொல்லுவாரு. நான் பயந்துறக் கூடாதுண்ணுதான் நீங்க இப்படிச் சொல்லுதீய. எனக்குத் தெரியாதா?”

“வேற யார் சொன்னா நம்புவே?”

கண்ணைத் திறந்தாள். பிறகு உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

“கோமதிநாயகம் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னா நம்புவேன். அந்த மனுசன் நம்மகிட்ட எதையும் மறைச்சது கிடையாதுல்லா.”

இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்? பெற்ற பிள்ளையைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொள்வதுபோல இருந்தது. அவள் சொன்னது சரிதான். அம்பலவாணர் பக்கத்துக்குப் பக்கம் வாசகரிடம் ஒளிக்கிறார். ஒளிக்காவிட்டால் கதை ஏது? கோமதிநாயகம் கண்டதைக் கண்டபடி சொல்கிறார். பயந்தால் பயந்தேன் என்கிறார். மக்கள் அம்பலவாணரைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள்... நம்புவது கோமதிநாயகத்தை!

சரி, அவரை அனுப்பிவிட வேண்டியதுதான். ஆனால் அவர் அங்கே என்ன பார்ப்பார்?

இங்கேதான் இடித்தது. பொய் சொல்லத் தெரியாத ஆளை அனுப்பிவிட்டு அவர் வாயில் நான் பொய்யைத் திணிக்கலாமா? வால் உண்மையிலேயே விஷம் என்றால்?

பாளையங்கோட்டையில் சயன்ஸ் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் உண்டு. அவரிடம் போனேன். விஷயத்தைச் சொல்லி, எனக்கு ஆறுதல் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பம்பைப் பூட்டிக் காற்றை இழுத்தார்.

“இப்போ இதுக்குள்ள என்ன இருக்கு?”

“ஒன்றுமில்லை.”

“ஒண்ணுமில்லைண்ணு சொல்லுதோம். கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கத்தான் செய்யும். அந்த வால் இதைவிடக் காலி. விஷவாயு இருக்குண்ணு சொல்லுதது நெசந்தான். ஆனா ஒரு சொட்டு விளக்கெண்ணெயைத் தாமிரபரணி முழுசுக்கும் கலக்கிட்டு, ஆறு கடல்ல விழுத புன்னக்காயல்ல ஒரு கை அள்ளிக் குடிச்சா உமக்கு வயித்தால போகுமா?”

“போகாது.”

“அவ்வளவுதான்.” பிறகு சிரித்தார். “ஆனா ஒண்ணு வே. நானும் அங்கன போய்ப் பாத்ததில்லை.”

கடைசியில் சொன்னாரே, அதனால்தான் முன்னால் சொன்ன எல்லாவற்றையும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அந்தச் சமயம் பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்தது ஜமீன் பங்களாவில் வைர அட்டிகை காணாமல்போன கதை. அம்பலவாணர் திருடனின் பெயரைச் சொல்ல வாயெடுத்த இடத்தில் போன வாரம் ‘தொடரும்’ போட்டிருந்தேன். அவருக்குக் காய்ச்சல் வரவழைத்துப் படுக்கவைத்தேன். கோமதிநாயகத்தைப் புன்னக்காயல் கடற்கரைக்கு அனுப்பினேன்.

அங்கே ஒரு ஆகாயக் கப்பல். தோணி கட்டும் ஆசாரிகள் கட்டியது. தோணிபோலவே உடம்பு, மேலேயும் மூடி, பக்கத்தில் ஒரு சிறு ஜன்னல். மேல்நாட்டில் யந்திரத்தில் ஏறி மனிதர்கள் பறக்கிறார்கள் என்று பேப்பரில் வரும்போது நம் ஊர் டிராயிங் மாஸ்டர் மட்டும் பறக்கக்கூடாதா? ஏறினார். நடுங்கிக்கொண்டே ஏறினார். மடியில் டிராயிங் தாள், பென்சில், ஒரு தூக்குச் சட்டியில் புளியோதரை.

எழுதிக்கொண்டு போய் மீரான் லெப்பையிடம் கொடுத்தேன். நம் பத்திரிகையை நடத்துகிறவர். மேலப்பாளையத்துக்காரர். இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளைவாள், அட்டிகை என்னாச்சி வே?”

“அது இருக்கட்டும்.”

“இருக்கட்டுமா? தெருவுல நடக்க முடியல, திருடன் யாரு, திருடன் யாருண்ணு கேட்டு உசிர வாங்குதானுவ. நீரு டிராயிங் மாஸ்டர வானத்துக்கு அனுப்பிட்டு வந்து நிக்கீரு. கை கொட்டிச் சிரிப்பானுவ.”

“சிரிக்கட்டும்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “இத யாருக்காவ எழுதுனீரு?”

சொன்னேன். ஜன்னல் துணி, முதல் குழந்தை, கிரகணம், எல்லாவற்றையும் சொன்னேன். லெப்பை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மிச்சப் பக்கங்களையும் படித்தார். படிக்கப் படிக்க உதடு அசைந்தது.

“ஒத்த ஆளுக்காவ ஒரு பத்திரிகை அடிக்கணும்ங்கீரு.”

“ஆமாம்.”

“எங்க தெருவுலயும் ரெண்டு வீட்டுல பொம்பளைக அழுதுகிட்டு இருக்காவ.” எழுந்து அச்சுக் கோக்கிறவர் பக்கம் போனார். “அடிப்போம் வே. இன்ஷா அல்லா, அட்டிகைத் திருடன் எங்கயும் ஓடிற மாட்டான்.”

மை காயாத தாளைச் சுருட்டிக்கொண்டு நானே அம்பாசமுத்திரம் ரயிலில் ஏறினேன். வாலுக்குள் பூமி போக அதிக நாளில்லை. வழியில் வயலில் யாரையும் காணோம். கார் நெல் சாகுபடிக்கு நிலத்தைத் திருத்தும் நேரம். செத்துப்போகப் போகிறவன் எதற்கு வரப்பு வெட்டுவான்?

காந்திமதி தாளை வாங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கதவு இடுக்கின் வெளிச்சத்தில் எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள். முதலில் மனதுக்குள். பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நின்றதால் வாய்விட்டு. சங்கரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோமதிநாயகம் வாலுக்குள் நுழைந்தார். விஷம் என்று சொன்னார்களே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிடித்து, பிடித்து, முடியாமல் விட்டார். பிறகு ஜன்னல் கொக்கியை...

காந்திமதி நிறுத்தினாள். “தெறந்துட்டாரா?”

“படி ளா,” என்றாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரி.

திறந்தார். கையை நீட்டினார். எதுவும் கையில் படவில்லை. மோந்து பார்த்தார். தூக்குச் சட்டிப் புளியோதரை வாசனைதான் அடித்தது. வாலை வரைந்துகொண்டு போய் எல்லோரிடமும் காட்டுவோம் என்று பென்சிலை எடுத்தார். தாளைப் பார்த்தார், வெளியே பார்த்தார், தாளைப் பார்த்தார். வரைவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் தாளோடு புன்னக்காயலில் வந்து இறங்கினார். ‘நான் கண்டது இதுதான்’ என்று அந்தத் தாளை ஊராரிடம் விரித்துக் காட்டினார்.

காந்திமதி தாளை மடியில் வைத்தாள்.

“அண்ணாச்சி, இது கதைதான?”

பதில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. “கதைதான். ஆனா கோமதிநாயகம் அங்கன கண்டது நானா எழுதினதில்ல. பாளையங்கோட்டையில சயன்ஸ் படிச்சவர்ட்ட கேட்டு, அவரு சொன்னதைத்தான் எழுதினேன். அவரும் போய்ப் பாத்ததில்லைண்ணு சொன்னாரு. அதையும் உங்கிட்ட சொல்லிட்டேன்.”

“கதைண்ணு தெரியாமலா படிக்கேன்?” என்றாள். “அன்னைக்கு நீங்க வந்து என்னையச் சமாதானப்படுத்துனீய. கோமதிநாயகம் சமாதானப்படுத்த வரல. அவருக்கே பயம். என்னைய மாதிரியே மூச்சப் பிடிச்சுக்கிட்டுல்லா போறாரு! அவரு கூடவே நானும் போயிட்டு வந்துட்டேன், அவ்வளவுதான்.”

தாளை மடித்து வைத்தாள். பிறகு சங்கரனைப் பார்த்தாள்.

“இங்கேருங்க... அந்த ஜன்னல்ல இருக்க துணிய எடுத்துருங்க. வேக்காடு தாங்கல.”

சங்கரன் ஓடினார். துணியை உருவ உருவ வெயில் உள்ளே விழுந்தது. மலைப்பக்கத்துக் காற்றும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டிலிருந்து சொதியும் சோறும் கொண்டுவந்தாள். காந்திமதி அதில் நாலு வாய்தான் சாப்பிட்டாள். உடனே ஒரு ஆள் சோறு தின்றாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நாலு வாய்தான். மறுநாள் கொஞ்சம் கூடுதல். அதற்கடுத்த நாள் ஊறுகாய் கேட்டாள்.

அந்த நாளும் வந்தது. அவள் தைரியமாகத்தான் இருந்தாள் என்று சொன்னால் பொய். காலையிலிருந்து சங்கரனின் வேஷ்டி முனையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான்? ஆற்றுக்குக் குளிக்கப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனையில் நின்று யாருக்கும் தெரியாமல் காற்றை மோந்து பார்த்தேன். சாணி வாசனை. அவ்வளவு சந்தோஷமாக அந்த வாசனையை நான் அதற்குமுன் நுகர்ந்ததில்லை! தாமிரபரணி குளிர்ந்தே ஓடியது. எருமைகள் கழுத்துவரை தண்ணீரில் கிடந்தன. ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து வால்நட்சத்திரம் இடம் மாறி, பொழுது சாயும் நேரத்தில் மேற்கே தெரிய ஆரம்பித்தது. பொதிகை மலைக்கு மேலே, வெளுத்த வெளிச்சமாக. தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு பைய நடந்து காந்திமதியும் வந்தாள். கிரகணத்துக்குப் பிறகு அவள் வானத்தை ஏறிட்டுப் பார்த்தது அன்றுதான்.

வெகுநேரம் பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா?” என்றாள்.

அதைச் சொல்லும்போது அவள் கண்ணில் நீர் வழிந்தது. அது யாருக்காக என்று எனக்குத் தெரியும். போன பிள்ளைக்காக. முற்றத்தில் நின்றதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இப்போது அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். சங்கரன் தோள்துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

ஆனி மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் போட்ட கூச்சல் மூன்றாவது வீட்டுக்குக் கேட்டதாம். இப்போது தெருவையே ஆட்டிவைக்கிறது.

லெப்பை சொன்னதுபோல ஜனங்கள் கை கொட்டித்தான் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அடுத்த இதழுக்கு வந்து நின்றார்கள். அட்டிகைத் திருடன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. டிராயிங் மாஸ்டர் அடுத்து எங்கே போகிறார் என்றார்கள். அன்றுமுதல் அவர் ஓயவே இல்லை. போகும் இடமெல்லாம் அவர் என்ன காண்பார் என்று பாளையங்கோட்டை நண்பரிடம் கேட்காமல் இன்றுவரை நான் ஒரு வரி எழுதியதில்லை.

எனக்கு இதில் ஒன்று விளங்குகிறது. பயந்தவர்களிடம் போய், பயப்படாதே என்று சொல்ல நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அது அவர்களுக்கு ஒரு காலணாவுக்குப் பிரயோஜனமில்லை. எனக்கும் பயம்தான், வா, சேர்ந்தே போய்ப் பார்ப்போம் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதற்குப் பெரிய மூளை தேவையில்லை.

போன மாதம் அம்பாசமுத்திரம் போயிருந்தேன். காந்திமதி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கோமதிநாயகம் அடுத்து சந்திரனுக்குப் போகிறார் என்றேன், பெருமையாக. அவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

“மறுபடி ஒத்தையிலயா? இந்தத் தடவையாவது அந்த அம்மாவையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“எந்த அம்மா?”

“எந்த அம்மாவா? தூக்குச் சட்டியில புளியோதரை கட்டிக் குடுத்தது யாருண்ணு நெனச்சீய?”

கோமதிநாயகத்துக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்!